‘ட’வை ‘ஞ’ என்று படித்தவர்

லிங்கராஜபுரம்,
4 அக்டோபர் 2024

மதிப்புக்குரிய வைத்தி சாருக்கு,

ரெமிஜியஸ் எழுதுவது. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டு பஸ் ஸ்டாப்தான். இருந்தாலும் தபாலில் எழுதுகிறேன். சங்க விஷயம் எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதி போட்டவர் நீங்கள். தலைவரையும் செயலாளரையும் தவிர வேறு உறுப்பினரே இல்லாத ஒரு வானம் பார்க்கும் சங்கத்துக்கு விதி எதற்கு என்று ஷோபா என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து கேட்கிறாள். விதான சௌதாவில் அண்டர் செக்ரட்டரியாக இருந்தவருக்கு அது இல்லாமல் தூக்கம் வராது என்று நானும் சொல்லி வருகிறேன். இன்றைக்கு அந்த விதி எனக்கே உதவுகிறது. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன ஞாயிறு, 29ஆம் தேதி விடியற்காலை. எண்பதாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வரும் என்று சொல்லப்படுகிற வால்நட்சத்திரம் கிழக்கே எழ வேண்டிய நேரம். உங்கள் மொட்டை மாடிக்குக் கிளம்ப ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றேன். போன் வந்தது. “ரெமி, இங்க முழு மேகம். ஒண்ணும் தெரியல. வராதீங்கோ, படுத்துத் தூங்குங்கோ” என்றீர்கள். சரி சார் என்றேன்.

தூக்கம் போனது போனதுதான். பால் பாக்கெட் எடுக்கத் தெருவுக்கு வந்தேன். தலைக்கு மேலே வியாழன். பக்கத்திலேயே ஓரியன், இடுப்பு பெல்ட்டோடு. வானம் துடைத்து வைத்த லென்ஸ் மாதிரி இருந்தது. உங்கள் ஜீவனஹள்ளிக்கு ஒரு வானம், எங்கள் லிங்கராஜபுரத்துக்கு ஒரு வானம் என்று மாநகராட்சி இன்னும் பிரித்துக் கொடுக்கவில்லை.

இந்த ஐந்து நாளும் யோசித்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறேன். சுத்தமான வானம் உங்களுக்கு மேகமாகத் தெரிந்திருக்கிறது. மார்ச்சில் உங்கள் கண்ணைப் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன் நான். பவரைத் தப்பாகப் போட்டிருக்கிறேன், அல்லது புரை வளர ஆரம்பித்ததைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் கை என்னுடையது.

ஃப்ளை ஓவர் மேலே போய் நின்றிருந்தால் அன்றைக்கே நான் வால்நட்சத்திரத்தைப் பார்த்திருக்கலாம். அடுத்த மூன்று நாளும் பார்த்திருக்கலாம். போகவில்லை. என் பிழையால் உங்களுக்குத் தெரியாமல் போனதை நான் மட்டும் போய்ப் பார்ப்பது ஒப்பவில்லை. இனி அது சூரியனுக்குப் பக்கம் போய்விடும். பதினைந்தாம் தேதி வாக்கில் மேற்கே, சூரியன் மறைந்ததும் மறுபடி தெரியும். அதற்குள் கடைக்கு வாருங்கள். கண்ணைப் பார்த்துவிடலாம்.

ரமாம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். பயந்துவிடுவார்கள்.

உங்கள்
ரெமிஜியஸ்

•

ஜீவனஹள்ளி,
7.10.2024

பொருள்: பார்வை.
பார்வை: தங்கள் 4.10.2024 நாளிட்ட கடிதம்.

அன்புள்ள ரெமி,

தமிழில் கோப்பு எழுதும் பாக்கியம் எனக்கு அரசாங்கத்தில் கிடைக்கவில்லை. அந்தக் குறையைச் சங்கத்தில் தீர்த்துக்கொள்கிறேன் என்பது நீங்கள் அறிந்ததே. மேலே இரண்டு ‘பார்வை’ வந்திருப்பதற்கு மொழிதான் பொறுப்பு.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். காபி ஆறிப்போகிறது என்று ரமா சொன்ன பிறகுதான் காபி என்று ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. பதில் இரண்டு விதமாக எழுதலாம் என்று தோன்றியது. ஒன்றை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மற்றது.

அன்றைக்கு எனக்கு மேகமாகத்தான் பட்டது. சில நாட்களாகவே தூரத்தில் இருப்பவை கொஞ்சம் மங்கலாக இருப்பதை, நீங்கள் எடுத்துக் காட்டிய பிறகு, நானும் உணர்கிறேன். இதில் உங்கள் பேரில் குற்றம் எதுவும் இல்லை. இருந்தாலும், நீங்களே குறிப்பிட்டிருப்பதுபோல், பவர் முன்பின்னாக இருந்திருக்கக்கூடும் என்பதை முற்றிலும் மறுப்பதற்கில்லை.

புதன்கிழமை வருகிறேன்.

வால்நட்சத்திரத்துக்காக நீங்கள் ரொம்ப வருத்தப்பட வேண்டாம். பத்திரிகைப் படத்தில் இருப்பதுபோல் ஒன்றும் இல்லையாம். தலை சின்னதாம், வால் நீட்டிய கையில் கட்டைவிரல் அளவுதானாம். பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

தங்கள்
வைத்தீஸ்வரன்

•

லிங்கராஜபுரம்,
11 அக்டோபர் 2024

மதிப்புக்குரிய வைத்தி சாருக்கு,

புதன்கிழமை கடைக்கு வந்ததற்கு நன்றி. அரசு அலுவலகத்துக்குப் போகிறவர் மாதிரி சட்டைப் பொத்தானை மேல் வரை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கன்னடப் பலகையா, தமிழ்ப் பலகையா என்று கேட்டேன். தமிழ் என்றீர்கள். நடு வரியில் இருந்த ‘ட’வை ‘ஞ’ என்று படித்தீர்கள். ‘ப’வை ‘ஐ’ என்றீர்கள். தயங்காமல், கோப்பில் கையெழுத்துப் போடுகிற வேகத்தில் படித்தீர்கள். எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டேன். கண்ணாடி திங்கட்கிழமை தயாராகிவிடும். ஃபிரேம் நல்லதாகப் போட்டிருக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்குப் பிறகு நான் புதிதாக யாருக்கும் கண் பார்ப்பதில்லை. வருகிறவர்களை மெயின் ரோட்டுப் பெரிய கடைக்கு அனுப்பிவிடுகிறேன். மார்ச்சிலிருந்து என்னிடம் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மதலைமுத்துவை உங்களுக்குத் தெரியும், கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவன். அவனையும் கூப்பிட்டேன்.

“இன்னாண்ணா, என் கண்ணுக்கு இன்னா? நேத்துகூட ரிங் ரோட்டுல சின்ன போர்டு படிச்சேனே.”

“உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லடா. என் கைக்குத்தான்.”

அவன் பவர் சரியாகத்தான் இருந்தது. அதிலும் எனக்கு நிம்மதி இல்லை. சரி என்று சொன்னதும் அதே கைதானே.

ஆனால் டிரைவருக்கு இரண்டாம் தடவை கண் டெஸ்டாம் என்ற பேச்சு, வேனில் பிள்ளைகளை அனுப்பும் அம்மாமார்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. டாக்டர் சர்ட்டிஃபிகேட் வரும் வரைக்கும் வீட்டிலேயே இரு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு ஆயுத பூஜை. எங்கள் தெருவில் ஒவ்வொரு வண்டிக்கும் வாழைக்கன்று கட்டியிருக்கிறது, மாதா படம் ஒட்டிய ஆட்டோவுக்குக்கூட. மதலைமுத்து தன் வேனைத் துடைக்கவும் இல்லை. “ஓட்டாத வண்டிக்கு எதுக்குண்ணா பூசணிக்கா?” என்றான்.

இதை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. வேறு யாருக்கு எழுதுவது?

உங்கள்
ரெமிஜியஸ்

•

ஜீவனஹள்ளி,
17.10.2024

பொருள்: நன்றி.
பார்வை: திருந்தியது.

அன்புள்ள ரெமி,

புதிய கண்ணாடி வந்து சேர்ந்தது. என்ன வித்தியாசம் என்று சொல்ல வார்த்தை இல்லை. உலகத்தைக் கழுவி உலர்த்தி வைத்ததுபோல் இருக்கிறது. எதிர் வீட்டு மாடியில் காயும் துணியில் சாயம் போனது எது, போகாதது எது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். சோதனைக்காகப் பழைய கண்ணாடியை மறுபடி மாட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மேகம். அன்றைக்கு ஏன் அப்படித் தெரிந்தது என்பது இப்போது நன்றாக விளங்குகிறது. ஆகவே இந்தக் கோப்பை இத்துடன் முடித்துவிடலாம் என்பது என் பணிவான கருத்து.

மேற்கு வானத்தைப் பற்றி நாம் போட்ட திட்டம் மூன்று நாளாக மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. ஏரியாக இருந்து லேஅவுட் ஆன இடங்கள் எல்லாம் மறுபடி ஏரியாகிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. வானம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தலைவர் என்ற முறையில் மழைக்கு நான் பொறுப்பல்ல என்பதைப் பதிவு செய்கிறேன்.

மதலைமுத்து விஷயம் வருத்தம் தருகிறது. வேண்டுமானால் என் பையன் ராம்கியிடம் சொல்லி அவன் கம்பெனியில் ஏதாவது பார்க்கச் சொல்லட்டுமா?

நீங்கள் மறுபடி கண் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். உங்கள் கை பொன்னான கை. என் மூக்கின் மேலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

தங்கள்
வைத்தீஸ்வரன்

•

லிங்கராஜபுரம்,
21 அக்டோபர் 2024

வைத்தி சாருக்கு,

புதிய கண்ணாடியில் இருப்பது பழைய பவர்தான். மார்ச்சில் போட்ட அதே எண். ஃபிரேமை மட்டும் மாற்றினேன்.

கண் மங்கியவர்கள் எழுத்தைத் தப்பாகப் படிப்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ‘ப’வை ‘ம’ என்பார்கள். ‘ன’வை ‘ள’ என்பார்கள். கழுத்தை நீட்டுவார்கள், கண்ணை இடுக்குவார்கள், பலகையைத் திட்டுவார்கள், லைட்டு பத்தாது என்பார்கள். ‘ட’ என்பது இரண்டே கோடு. அதை ‘ஞ’ என்று படித்தவரை என் தொழிலில் இதற்கு முன் நான் பார்த்ததில்லை. ‘ட’ நன்றாகத் தெரிந்தால்தான் அதிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியும்.

அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தபோதே இது எனக்குப் பட்டது. ஆனாலும் உங்களை அப்படி நினைக்க மனம் வரவில்லை. என் காது தப்பாகக் கேட்டிருக்கும் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அதனால்தான் அதே பவரைப் போட்டு அனுப்பினேன். ஒரு வித்தியாசமும் இல்லையே ரெமி என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பேன்.

29ஆம் தேதி விடியற்காலை எங்கிருந்து பேசினீர்கள்?

ரெமிஜியஸ்

•

ஜீவனஹள்ளி,
26.10.2024

பொருள்: விளக்கம்.
பார்வை: தங்கள் 21.10.2024 கடிதம்.

அன்புள்ள ரெமி,

கீழ்க்கண்ட விவரங்கள் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கப்படுகின்றன.

ராம்கி வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளிக்கு அத்திபெலே தாண்டி ஒரு பண்ணை வீடு இருக்கிறது. வால்நட்சத்திரம் பார்க்க அங்கே வருமாறு ராம்கியின் மூலம் எனக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. 28ஆம் தேதி மாலை ராம்கி, மருமகள் அதிதி, ரமா ஆகியோருடன் புறப்பட்டுச் செல்லப்பட்டது. சங்கத்தின் தொலைநோக்கியும் உடன் எடுத்துச் செல்லப்பட்டது. தங்களுக்கான தொலைபேசி அழைப்பு அந்தப் பண்ணை வீட்டு மாட்டுக் கொட்டகையின் அருகிலிருந்து செய்யப்பட்டது. தங்களை உடன் அழைத்துச் செல்ல இயலாமற்போயிற்று.

எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் இப்படித்தான் எழுதினேன், வேறு கை வரவில்லை. முயன்று பார்க்கிறேன்.

நீங்களும் வருகிறீர்கள் என்றுதான் முதலில் ராம்கியிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். “அப்பா, அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் வேண்டாமே. பாஸோட அம்மா ரொம்ப ஆசாரம். சமையல்கட்டுப் பக்கம் யார் வரா, யார் போறான்னு பாத்துண்டே இருப்பா. நம்மவா மட்டும்தான் வர்றோம்னு சொல்லிட்டேன்” என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் எனக்குப் போதிய பணி அனுபவம் உண்டு. வெள்ளிக்கிழமையே உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுத்தேன். நீங்கள் எடுத்ததுமே, பழைய ஸ்வெட்டரை ஷோபா துவைத்துப் போட்டிருக்கிறாள் என்றீர்கள். பிறகு எப்படிச் சொல்வது? எழுதினால் கோப்பில் நின்றுவிடும். அதனால்தான் அந்த மேகத்தை வாயால் சொன்னேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்று நான் எழுதிக் கிழித்த பதிலில் இவ்வளவும் இருந்தது. கண்தான் காரணம் என்று நீங்களே ஒரு வழி திறந்து வைத்திருந்தீர்கள். அதில் நுழைந்துவிட்டேன். உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டிவரும் என்று அப்போது தெரியவில்லை என்று எழுத நினைத்தேன். தெரிந்தே இருந்தது.

வால்நட்சத்திரம் நன்றாகத் தெரிந்தது. வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, மேலே நோக்கி இருந்தது. இது ஏன் மேலே போகிறது, ராக்கெட் மாதிரி கீழேதானே புகை வரணும் என்று முதலாளி கேட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே திருத்தியிருப்பீர்கள். யாரும் திருத்தவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

வைத்தீஸ்வரன்

•

லிங்கராஜபுரம்,
3 நவம்பர் 2024

வைத்தி சாருக்கு,

தீபாவளி லட்டு வந்தது. நன்றாக இருந்தது. ரமாம்மாவிடம் சொல்லுங்கள்.

‘இயலாமற்போயிற்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு இயலாமல் போயிற்று என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. வண்டியில் எனக்கு இடம் இல்லாததுபோல.

ராம்கி சொன்னது எனக்குப் புதிதல்ல. அவன் சின்னவன், சம்பளம் வாங்குகிற இடத்தில் பயப்படுகிறான். பிள்ளைகள் பேச்சை நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் நேராக மாடிப்படி ஏறிவிடுவேன், நினைவிருக்கிறதா? 97இல் ஹேல்-பாப் வால்நட்சத்திரத்துக்காக முதன்முதலில் வந்தபோது படி வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வசதி என்றீர்கள். வசதி என்றே நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

நீங்கள் பொய் சொன்னீர்கள். அதைக்கூட நான் ஒரு மாதிரி தாண்டி வந்துவிடுவேன். சுத்தமான வானத்தைப் பார்த்துவிட்டு, ஒருவர் அதை மேகம் என்கிறார் என்றால் என்ன காரணம் என்று யோசித்தேன் இல்லையா? முதலில் என் கையைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் உங்கள் கண்ணை. உங்களைச் சந்தேகப்படுவது என்பது என் வரிசையிலேயே இல்லை. அது தெரிந்துதான் நீங்கள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் ஒவ்வொரு லென்ஸாக மாட்டி “இது தேவலையா, அது தேவலையா” என்று கேட்க, “அதுதான் தேவலை” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என் கையை நம்பாமல் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்களுக்குத்தான் கண் நன்றாகத் தெரியுமே.

மதலைமுத்துவுக்குச் சர்ட்டிஃபிகேட் கிடைத்துவிட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இப்போது அத்திபெலேயிலிருந்து காய்கறி டெம்போ ஓட்டுகிறான். என்னிடம் கோபம் இல்லை என்கிறான். அவன் கோபப்பட வேண்டியது என்னிடம் இல்லை என்று அவனிடம் நான் சொல்லவில்லை. உங்கள் பெயரைக் காப்பாற்றுகிற பழக்கம் இன்னும் விடவில்லை.

கடையில் மறுபடி கண் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். முதலில் ஷோபாவை உட்கார வைத்தேன். “இது ன-வா ள-வா? நீயே சொல்லிடேன். கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து பரீட்சைதான் வெக்கிற” என்றாள். கடைசி வரியில் பாதிக்கு மேல் தப்பு. ஒவ்வொரு தப்பும் நான் எதிர்பார்த்த தப்பு. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா, சார்?

தொலைநோக்கி உங்களிடமே இருக்கட்டும்.

ரெமிஜியஸ்

•

ஜீவனஹள்ளி,
25.8.2025

அன்புள்ள ரெமி,

இந்தத் தடவை பொருள், பார்வை எதுவும் போடவில்லை. பத்து மாதமாகக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடைப் பக்கம் இரண்டு தடவை வந்தேன். உள்ளே யாரோ பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, முழுச் சந்திர கிரகணம். ஆரம்பம் முதல் முடிவு வரை இங்கிருந்தே முழுசாகத் தெரியும். நீங்கள் வர வேண்டும். ரெமி வராமல் நான் மாடி ஏற மாட்டேன் என்று ராம்கியிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். “வரட்டுமே, யார் வேண்டாம்னா?” என்கிறான். இந்த மாற்றத்தை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயம். கிரகண நாளில் ரமா சாயங்காலத்துக்கு மேல் அடுப்பு மூட்ட மாட்டாள், உங்களுக்குத் தெரியும். ஆகவே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிரகணம் விட்டதும் நாங்கள் எல்லோரும் தலைக்குக் குளிப்போம். அது கிரகணத்துக்காக. நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் இல்லாமல் வானம் பார்ப்பது, பார்ப்பதுபோல் இல்லை. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வைத்தி

•

லிங்கராஜபுரம்,
9 செப்டம்பர் 2025

திரு. வைத்தீஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சரியான நேரத்துக்கே கிடைத்தது. 7ஆம் தேதிக்கு முன்னால் பதில் எழுதினால் வருகிறேன் என்று எழுதிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதனால் இன்றைக்கு எழுதுகிறேன்.

சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிப்பதையும்தான். கூடாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

8ஆம் தேதி மாதா திருவிழா. முந்தின இரவு ஷோபாவும் நானும் சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போயிருந்தோம். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவி உடுத்தி நடந்து வந்தவர்கள் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு அம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாக எல்லோருக்கும் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டே போனாள். நீங்க யாரு என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. அது நிஜமான மேகம்.

நிலா ஓரத்தில் கறுத்து, பிறகு சிவக்க ஆரம்பித்ததும் மெழுகுவத்தி விற்கிற பெண் கையை நிறுத்திவிட்டு, “ஐயே, என்னாங்க இது, நிலா செங்கல்லு மாதிரி ஆவுது?” என்றாள். ஒரு ஆட்டோக்காரர், “கிரகண கணம்மா” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, அது ராகுவா கேதுவா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சண்டைக்குப் போனார். பூமியின் நிழல் என்று நான் சொன்னேன். “அப்ப நம்ம நிழலும் அதுல இருக்குதா சார்?” என்று அவர் கேட்டார். இருக்கிறது என்றேன். உடனே எழுந்து நின்று நிலாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். பார்த்துவிட்டுப் பத்துப் பேர் ஆட்டினார்கள். ஷோபாவும் ஆட்டினாள்.

முழுசும் சிவந்த நேரத்தில் பழக்க தோஷத்தில் இடது பக்கம் திரும்பி, “தெரியுதா சார்?” என்று கேட்டுவிட்டேன். அங்கே முன்பின் தெரியாத ஒருவர், தோளில் தூங்குகிற குழந்தையோடு நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, “நல்லா தெரியுது சார்” என்றார்.

நம்பினேன்.

ரெமிஜியஸ்